வார்ப்பிரும்பு வாணலி: மொத்தமாகச் சுரண்டிப் புதிதாகப் பழக்குவதா, இருப்பதையே தேற்றுவதா?

#1 அடுக்களைப்பூனை

பரணிலிருந்து ஒரு வார்ப்பிரும்பு வாணலி இறங்கியிருக்கிறது. நல்ல கனம். வெளிப்பக்கம் முழுக்கத் தடித்த கரிப்பொருக்கு, நகத்தால் நெம்பினால் செதில் செதிலாக வருகிறது. உள்ளே நடுவில் கறுப்பாக, வழவழவென்று நன்றாகவே இருக்கிறது. அதைச் சுற்றி வளையம் போட்டதுபோல் செந்துரு. ஓரத்தில் ஓரிடத்தில் பொருக்கு பெயர்ந்து வெறும் இரும்பு தெரிகிறது.

ஆளுக்கொரு வைத்தியம் சொல்கிறார்கள். நெருப்பில் போட்டு எரித்துவிடு என்கிறார் ஒருவர். வெள்ளையாக வரும்வரை தேய் என்கிறார் இன்னொருவர். எண்ணெய் தடவி வை, போதும் என்பது மூன்றாவது ஆள். எதைச் செய்வது? எந்த எண்ணெய்? சோப்பு போடலாமா? வீட்டில் கேஸ் அடுப்பும் ஒரு சின்ன ஓவனும் இருக்கின்றன. வாணலி ஓவனுக்குள் சிரமப்பட்டுப் போகும்.

#2 பட்டறைக்காரர்

நெருப்புல போடுற வேலையே வேண்டாங்க. வார்ப்பிரும்புல கார்பன் 2-லிருந்து 4 சதவீதம் வரைக்கும் இருக்கும். பெரும்பாலும் கிராஃபைட் செதிலா உள்ளுக்குள்ள பரவிக் கிடக்கும். அதனால உருக்கி வார்க்கச் சுலபம், ஆனா வளைஞ்சு கொடுக்கத் தெரியாது. ஒரு பக்கம் செக்கச்செவேல்னு காய்ஞ்சு இன்னொரு பக்கம் ஆறிக் கிடந்தா ரெண்டும் ஒண்ணை ஒண்ணு இழுக்கும். விரிசல் விடும், இல்லைன்னா அடி கோணிக்கும். அளவு மீறிக் காய்ஞ்ச சட்டிக்கு மங்கலா ஒரு சிவப்பு நிறம் வந்து ஒட்டிக்கும், பார்த்திருப்பீங்க. அதுக்கப்புறம் அந்த இடத்துல எண்ணெய் நிக்கவே நிக்காது. ஓவன்ல தானே எரிச்சுச் சுத்தம் பண்ணிக்கிற வசதி இருந்தா அதுலயும் வைக்காதீங்க, அதே கதைதான்.

தேய்க்க உட்கார்றதுக்கு முன்னாடி ரெண்டு சோதனை. கைப்பிடியை ஒரு விரல்ல தொங்கவிட்டு மரக்கரண்டியால தட்டிப் பாருங்க. நல்ல சட்டி கணீர்னு பேசும். விரிசல் விட்டது 'டொக்'குனு அடங்கிடும். ரெண்டாவது, அது சமையலுக்கு மட்டும்தான் இருந்துச்சான்னு விசாரிங்க. பழைய இரும்புச் சட்டியில ஈயம் உருக்குற பழக்கம் உண்டு. ஈயம் பட்ட சட்டின்னா அதுல சமைக்கவே கூடாது, எவ்வளவு கழுவினாலும் சரி. சந்தேகம் இருந்தா ஈயம் பார்க்கிற சோதனைக் குச்சி வாங்கித் தேய்ச்சுப் பாருங்க.

#3 அடுக்களைப்பூனை

தட்டினேன், ஓசை நீளமாக நிற்கிறது. எங்கள் வீட்டு அடுக்களைச் சட்டிதான், வேறெதற்கும் போகவில்லை. ஆனால் கைப்பிடி சேரும் இடத்துக்குக் கீழே மயிரிழைபோல் ஒரு கோடு இருக்கிறது. பொருக்கில் விழுந்த வெடிப்பா, இரும்பிலேயே விரிசலா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

#4 பட்டறைக்காரர்

கரியை எடுத்த பிறகுதான் தெரியும். எடுத்ததும் அந்த இடத்துல மண்ணெண்ணெயோ ரொம்பத் தண்ணியா இருக்கிற எண்ணெயோ தடவி, கொஞ்ச நேரம் விட்டு, சுத்தமாத் துடைச்சிடுங்க. மேல சாக்பீஸ் பொடியைத் தூவுங்க. விரிசல்னா உள்ள போன எண்ணெய் திரும்ப ஊறி, வெள்ளைப் பொடியில கறுப்பா ஒரு கோடு வரும். வரலைன்னா வெறும் வார்ப்புத் தழும்பு, கவலையே வேண்டாம்.

#5 வெந்நீர்ப்பானை

இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு? நடுவில் வழவழப்பு இருக்கிறதென்றால் சட்டி பழகியிருக்கிறது, அதாவது எண்ணெய் சூட்டில் இறுகிப் படலமாகப் பிடித்திருக்கிறது என்று பொருள். துருவை மட்டும் கல்லுப்பும் எண்ணெயும் போட்டுத் தேய்த்துவிட்டு, அடுப்பில் காய வைத்து, சமைக்க ஆரம்பிக்கலாம். ஒன்றே ஒன்று: சோப்பு மட்டும் படவே கூடாது. எங்கள் வீட்டில் இரும்புச் சட்டியை வெந்நீரும் துணியும் தவிர எதுவும் தொட்டதில்லை.

#6 பீக்கர்

வெந்நீர்ப்பானை அக்கா சொல்வதில் முதல் பாதிக்கு நான் கைதூக்குகிறேன். பிடிப்பு நன்றாக இருக்கும் இடத்தைச் சுரண்டுவது வீண்வேலை. சோப்பு விஷயத்தில் மட்டும் சண்டைக்கு வருகிறேன்.

பழகிய சட்டியின் கறுப்பு எண்ணெய் அல்ல, எண்ணெயாக இருந்தது. மெல்லிய எண்ணெய்ப் படலம் காற்றுப் படக் காயும்போது ஆக்சிஜனை இழுத்துக்கொண்டு, அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. பின்னி முடித்தபின் அது ஒரு பாலிமர், கிட்டத்தட்ட வார்னிஷ். பாத்திரம் கழுவும் திரவம் எண்ணெய்ப் பிசுக்கைத் தூக்கிக்கொண்டு போகும், அவ்வளவுதான். பின்னிக்கொண்ட வலையை அதனால் அவிழ்க்க முடியாது. அவிழ்ப்பது காரம். காஸ்டிக் சோடா போன்ற கடுங்காரம் பட்டால் படலம் கரைந்து கறுப்புத் தண்ணீராக ஓடும். காரம் தூக்கலாக இருந்த வீட்டுச் சோப்புக் காலத்தில் 'சோப்பு ஆகாது' என்றவர்கள் தப்பாகச் சொல்லவில்லை. இன்றைய திரவத்தில் அந்தப் பிரச்சினை இல்லை. டிஷ்வாஷர் வேறு. அதன் தூள் காரமானது, வெந்நீரில் ஊறும் நேரமும் அதிகம். அதில் மட்டும் போடாதீர்கள்.

சோப்பே போடாத சட்டியில் பழைய எண்ணெய் ஊறி ஊறி ஒரு சிக்கு வாடை வருமே, அதை என்ன செய்வீர்கள்?

#7 வெந்நீர்ப்பானை

தினம் சமைக்கிற சட்டியில் ஏது சிக்கு வாடை? எடுத்து வைத்துவிட்டு ஒரு மாதம் கழித்து எடுப்பவர்களுக்குத்தான் அந்தத் தொல்லை. சரி, நீங்கள் போட்டுக் கழுவுங்கள். நான் போடப் போவதில்லை.

#8 தவிட்டுக்குருவி

இடையில் புகுந்ததற்கு மன்னிக்கவும், என்னுடையதும் இதே சட்டிப் பிரச்சினைதான். புது வார்ப்பிரும்புத் தோசைக்கல். சொன்னபடி எண்ணெய் தடவித் தடவிக் காய்ச்சினேன். இப்போது நடுவில் பரவாயில்லை, ஓரம் முழுக்க ஃபெவிகால் கொட்டினதுபோல் பிசுபிசுக்கிறது. கை வைத்தால் ரேகை பதிகிறது, துணி வைத்தால் நூல் ஒட்டிக்கொள்கிறது. கழுவினாலும் போகவில்லை. தேங்காய் எண்ணெய்தான் பயன்படுத்தினேன். எண்ணெய் காரணமா?

#9 பீக்கர்

எண்ணெய்க்கும் பங்கு உண்டு, ஆனால் முதல் குற்றவாளி தடிமன், இரண்டாவது சூடு. பிசுபிசுப்பு என்பது பாதியில் நின்றுபோன பின்னல்: எண்ணெயும் அல்ல, படலமும் அல்ல. தடிமனாகப் பூசினால் மேல்பகுதி இறுகி, அடிப்பகுதிக்குக் காற்று போகாமல் தடுத்துவிடும்.

ஓரம் மட்டும் பிசுபிசுப்பதற்குக் காரணம் உங்கள் அடுப்பு. வார்ப்பிரும்பு சூட்டை நன்றாகப் பிடித்து வைக்கும், ஆனால் பரப்புவதில் மந்தம். அலுமினியம் கடத்துவதில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்குதான் கடத்தும். பர்னர் வளையத்துக்கு மேலே புகையும்போது விளிம்பு வெதுவெதுப்பாகவே இருந்திருக்கும். அங்கே இருந்த எண்ணெய் பாதி வெந்து நின்றுவிட்டது.

எண்ணெய்க்கு வருகிறேன். எவ்வளவு எளிதாகப் பின்னும் என்பதை அயோடின் எண் காட்டும். ஆளிவிதை எண்ணெய்க்கு 170-க்கு மேல். சோயா, சூரியகாந்திக்கு 120, 130 அளவில். தேங்காய் எண்ணெய்க்கு வெறும் 10-ஐ ஒட்டித்தான். பொரிக்க அருமையான எண்ணெய், ஆனால் சட்டி பழக்க மெத்தனம். வீட்டில் சோயாவோ சூரியகாந்தியோ இருந்தால் அது போதும். வார்ப்பிரும்புச் சட்டி செய்யும் அமெரிக்க நிறுவனமான 'லாட்ஜ்' 2002-லிருந்து தொழிற்சாலையிலேயே பழக்கி அனுப்பும் சட்டிகளுக்கு சோயா எண்ணெய்தான் பூசுகிறது.

உங்கள் கல்லைச் சுரண்ட வேண்டாம். ஓவன் இருந்தால் எண்ணெய் எதுவும் தடவாமல் கவிழ்த்து 230 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் வையுங்கள். பாதியில் நின்ற பின்னல் முடிந்துவிடும். அதன் பிறகும் ஒட்டினால் அந்த இடத்தை மட்டும் சோப்பும் கம்பி நாரும் போட்டுத் தேய்த்தெடுங்கள்.

#10 தவிட்டுக்குருவி

ஓவன் இல்லை. கேஸ் மட்டும்தான்.

#11 பட்டறைக்காரர்

அப்போ கல்லை நகர்த்தி நகர்த்திக் காய்ச்சணும். சிறு தீயில ஆரம்பிச்சு, விளிம்பு தீக்கு மேல வர்ற மாதிரி ஒதுக்கி வைச்சு, கால் வட்டம் கால் வட்டமாத் திருப்புங்க. புகை வந்து அடங்கின பிறகு அடுத்த பக்கம். அவசரப்பட்டுத் தீயை ஏத்தாதீங்க. நடுவுல படலம் கருகிச் சாம்பலாயிடும். புகை நிறைய வரும், ஜன்னலைத் திறந்து வைங்க. அந்தப் புகை நுரையீரலுக்கு நல்லதில்லை, பக்கத்துல பறவைக் கூண்டு இருந்தா வேற அறைக்கு மாத்திடுங்க.

#12 வழவழா

எல்லோரும் ஏன் ஆளிவிதை எண்ணெயைத் தாண்டிப் போகிறீர்கள்? பீக்கர் சொன்ன கணக்குப்படியே அதுதான் முதலிடம். என் சட்டியில் முகம் பார்க்கலாம். ஒவ்வொரு பூச்சுக்கும் ஒரு மணி நேரம் ஓவன், பிறகு முழுதாக ஆறவிட்டு அடுத்த பூச்சு. பொறுமை வேண்டும், ஆனால் கிடைக்கிற மேற்பரப்பு கண்ணாடி.

#13 பட்டறைக்காரர்

கண்ணாடிதான். கண்ணாடி என்ன பண்ணும்? உடையும். ஆளிவிதைப் பூச்சு ஏடு ஏடா உரிஞ்சு வந்த சட்டிகளை நிறையப் பேர் கொண்டுவந்து காட்டியிருக்காங்க. ரொம்ப இறுகிப் போன படலம், இரும்பு விரியும்போது கூட விரியாது. காட்சிக்கு வைக்கிறதா இருந்தா அதைப் பூசலாம்.

#14 வழவழா

என்னுடையது உரியவில்லையே. பூச்சு மெல்லியதாக இருந்தால் உரியாது என்பது என் கட்சி. தடிமனாகப் பூசிவிட்டு எண்ணெய் மேல் பழி போடுகிறார்கள்.

#15 பீக்கர்

இரண்டு பேரும் சொல்வது பொருந்தும். இறுகின படலம் உரியும் வாய்ப்பு அதிகம், மெல்லியதாக இருந்தால் குறையும். ஆனால் ஒரு எச்சரிக்கையைச் சொல்லாமல் விட முடியாது. ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கி மூலையில் போடாதீர்கள். அது காற்றோடு சேரும்போது சூடு வெளிவரும். சுருட்டிக் கிடந்தால் சூடு வெளியேற வழியில்லாமல் தானே தீப்பற்றும். மர வேலை செய்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். துணியைத் தண்ணீரில் நனைத்துவிடுங்கள், அல்லது விரித்துக் காயப் போடுங்கள்.

#16 அடுக்களைப்பூனை

எங்கேயோ போய்விட்டோம். என் வாணலிக்கு வருகிறேன். உள்ளே கறுப்பு நன்றாக இருக்கும் இடத்தை விட்டுவிட்டுத் துருவை மட்டும் எடுக்கலாம் என்றால், வெளிப்பக்கத்துப் பொருக்கு? அது உதிர்ந்து அடுப்பில் விழுகிறது. முழுவதும் எடுத்துவிடவே ஆசை. முறையைச் சொல்லுங்கள்.

#17 பட்டறைக்காரர்

முழுசா எடுக்கணும்னா வரிசை முக்கியம். முதல்ல கரி, அப்புறம் துரு. மாத்திச் செஞ்சா ரெண்டு தடவை வேலை.

கரிக்குக் காரம்தான் மருந்து. காஸ்டிக் சோடா கலந்த ஓவன் கிளீனரை அடிச்சு, பிளாஸ்டிக் பையில கட்டி, ரெண்டொரு நாள் போட்டு வைங்க. கண்ணாடியும் நீளக் கையுறையும் இல்லாம தொடாதீங்க. கண்ணுல பட்டா பார்வையே போகும். வீட்டுக்குள்ள வேண்டாம், திறந்த இடத்துல. அலுமினியப் பாத்திரம், அலுமினியத் தட்டு எதுவும் அது பக்கத்துல வரக்கூடாது. காரம் அலுமினியத்தைத் தின்னு ஹைட்ரஜன் வாயுவை விடும். பையைப் பிரிச்சா பொருக்கு சேறு மாதிரி இளகி வரும், கம்பி நார் போட்டுத் தேய்ச்சுத் தண்ணியில நல்லா அலசுங்க.

அடுத்தது துரு. வினிகரும் தண்ணியும் சரிபாதி. அரை மணி நேரம் ஊற வைச்சு, எடுத்துத் தேய்ச்சுப் பாருங்க. மீதி இருந்தா இன்னொரு அரை மணி. ராத்திரி முழுக்க ஊற வைச்சுட்டுப் போனா, துருவைத் தின்னு முடிச்ச வினிகர் இரும்பையும் தின்ன ஆரம்பிக்கும். காரத்தை முழுசா அலசிட்டுத்தான் வினிகருக்குப் போகணும், ரெண்டையும் ஒண்ணா ஊத்தாதீங்க.

மின்சாரம் விட்டுத் துரு எடுக்கிற முறையும் இருக்கு. பழகினவங்களுக்கு அருமையான முறை. யாராவது எதிர்த்தகடா, அதாவது கரண்டோட மறுமுனையில மாட்டுற தகடா, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வைக்கச் சொன்னா மட்டும் கேட்காதீங்க. அதுலேர்ந்து நச்சான குரோமியம் தண்ணிக்குள்ள இறங்கும். சாதாரண இரும்புத் தகடுதான் வைக்கணும்.

#18 நள்ளிரவுச்சமையல்

ஒரு சின்னக் கேள்வி. இண்டக்‌ஷன் அடுப்பில் வார்ப்பிரும்பு வைக்கலாமா?

#19 பட்டறைக்காரர்

வைக்கலாம், காந்தம் ஒட்டுற எல்லாமே அதுல வேலை செய்யும். ஆனா முழு வேகத்துல போடாதீங்க. சுருள் இருக்கிற இடம் மட்டும் ஒரே நிமிஷத்துல காய்ஞ்சு, விளிம்பு ஜில்லுனு இருக்கும். அடி கோணறது அங்கதான். குறைச்சலா வைச்சு அஞ்சு பத்து நிமிஷம் விட்டு ஏத்துங்க. கண்ணாடி மேல இழுக்காதீங்க, தூக்கி வைங்க.

#20 அடுக்களைப்பூனை

வேலை முடிந்தது, பாதி. பொருக்கு அடை அடையாகக் கழன்றது. உள்ளே இருந்த இரும்பு கறுப்பே இல்லை, மங்கலான சாம்பல் நிறம். பட்டறைக்காரர் சொன்ன சாக்பீஸ் சோதனையில் கோடு எதுவும் ஊறி வரவில்லை, வார்ப்புத் தழும்புதான். நிம்மதி.

ஆனால் வினிகரிலிருந்து எடுத்துக் கழுவித் துணியால் துடைத்துக்கொண்டிருக்கும்போதே கண்ணெதிரில் ஆரஞ்சு நிறம் ஏறுகிறது. துணியெல்லாம் காவி. மறுபடியும் வினிகரா?

#21 பீக்கர்

வேண்டாம். வெறும் இரும்பு அப்படித்தான், ஈரம் பட்ட சில நிமிடங்களில் துரு பூக்கும். கழுவியதும் உடனே அடுப்பில் ஏற்றிச் சூட்டிலேயே ஈரத்தை ஓட்டுங்கள். சட்டி கை பொறுக்காத சூட்டில் இருக்கும்போது எண்ணெய் தடவித் துடைத்தால் அந்த ஆரஞ்சுப் பொடி துணியோடு வந்துவிடும். கொஞ்சம் தங்கினாலும் கெடுதல் இல்லை.

இனிப் பழக்கும் வேலை. சூடான சட்டியில் உள்ளே, வெளியே, கைப்பிடி எல்லாவற்றிலும் சில துளி எண்ணெய் தேய்த்துவிட்டு, வேறொரு உலர்ந்த துணியால் துடைத்தெடுங்கள். விரலால் இழுத்தால் விரல் மினுங்கக் கூடாது. ஓவனில் பத்து நிமிடம் வைத்துவிட்டு வெளியே எடுத்துப் பாருங்கள்; சூட்டில் எண்ணெய் சுருங்கி முத்து முத்தாகத் திரண்டிருக்கும். அதை மறுபடியும் துடைத்துவிடுங்கள். பலர் விட்டுவிடும் படி இதுதான், சட்டியில் வரும் புள்ளி புள்ளிப் பிசுக்கெல்லாம் இதிலிருந்து வருவதுதான். பிறகு கவிழ்த்து வைத்து 230 முதல் 260 டிகிரி, ஒரு மணி நேரம். அணைத்துவிட்டு உள்ளேயே ஆறட்டும். இதை மூன்று நான்கு முறை செய்யலாம். அதற்கு மேல் சமையல் பார்த்துக்கொள்ளும்.

#22 அடுக்களைப்பூனை

செய்தாயிற்று. ஆனால் கறுப்பாக வரவில்லை, வெண்கலமும் பழுப்புமாகத் திட்டுத்திட்டாக இருக்கிறது. ஆசையாக முட்டை ஊற்றினேன், அப்பிக்கொண்டது.

#23 வெந்நீர்ப்பானை

பழுப்பு வந்துவிட்டதென்றால் கறுப்பு பின்னாலேயே வரும், நிறத்தைப் பார்த்துக் கவலைப்படாதீர்கள். முட்டை ஒட்டியது சட்டியின் குற்றமில்லை. எவ்வளவு நேரம் காய வைத்தீர்கள்? குளிர்ந்த சட்டியில் ஊற்றினாலும் ஒட்டும், புகைகிற சட்டியில் ஊற்றினாலும் ஒட்டும். சிறு தீயில் ஐந்து நிமிடமாவது காயட்டும். எண்ணெய் விட்டுச் சட்டியைச் சாய்த்தால் தண்ணீர் மாதிரி ஓட வேண்டும். அப்போது ஊற்றுங்கள். ஊற்றியதும் உடனே கரண்டியால் கிளறாதீர்கள். அடி இறுகினால் தானாக விட்டுவிடும்.

#24 பீக்கர்

அக்கா சொல்வதே சரியான அளவுகோல். தண்ணீர் தெளித்துப் பார்ப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: துளி 'சுர்' என்று கொதித்து வற்றினால் சூடு நடுத்தரம். குண்டுமணியாகத் திரண்டு உருண்டு ஓடினால் 190 டிகிரியைத் தாண்டிவிட்டது. துளிக்கும் சட்டிக்கும் நடுவே நீராவிப் படுக்கை உருவாகித் துளி அதன் மேல் மிதக்கிறது. 1756-இல் இதை விவரித்து எழுதிய ஜெர்மன் மருத்துவர் லைடன்ஃப்ராஸ்ட் பெயரில்தான் இன்றும் அழைக்கிறார்கள். முட்டைக்கு அவ்வளவு சூடு வேண்டாம்.

#25 தவிட்டுக்குருவி

என் கல் தேறிவிட்டது, நன்றி அண்ணே. திருப்பித் திருப்பிக் காய்ச்சியதில் ஓரம் இறுகிவிட்டது. இன்னொரு சந்தேகம்: தக்காளி, எலுமிச்சை எல்லாம் இதில் சமைத்தால் இரும்பு இறங்குமா? நல்லதா கெட்டதா?

#26 பீக்கர்

இறங்கும். புளிப்பு, ஈரம், நேரம் மூன்றும் கூடினால் அதிகமாக இறங்கும். நன்றாகப் பழகிய சட்டியில் குறைவு. இரத்தசோகை உள்ளவர்களுக்கு அது லாபமாகவும் இருக்கலாம். எத்தியோப்பியாவில் குழந்தைகளிடம் நடத்தி 1999-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வந்த ஆய்வில், இரும்புப் பாத்திரத்துச் சமையல் சாப்பிட்டவர்களுக்கு அலுமினியப் பாத்திரத்துக் குழந்தைகளைவிட ஹீமோகுளோபின் கூடியிருந்தது. ஆனால் உடலில் இரும்பு தேங்கும் ஹீமோகுரோமடோசிஸ் நோய் உள்ளவர்கள் தவிர்க்க வேண்டும்.

சட்டிக்கு வருவோம். தக்காளியைக் கடைசியில் போட்டு ஒரு வதக்கு வதக்கி இறக்கினால் ஒன்றும் ஆகாது. மணிக்கணக்கில் கொதிக்கும் புளிப்பான குழம்பு என்றால் படலம் கரையும், குழம்பில் உலோக வாடை அடிக்கும். அதற்கு எனாமல் பூசிய வார்ப்பிரும்பு இருக்கிறது. அதைப் பழக்கத் தேவையில்லை. புளிப்பானதையும் அதில் சமைக்கலாம். சமைத்ததை இரவு முழுக்கச் சட்டியிலேயே விட்டுவைப்பது மட்டும் எனாமல் இல்லாத எந்த இரும்புச் சட்டிக்கும் ஆகாது.

#27 அடுக்களைப்பூனை

முட்டை இன்று வழுக்கிக்கொண்டு போனது. வெந்நீர்ப்பானை அக்காவுக்குத்தான் அதன் புண்ணியம். கடைசியாக ஒன்று: இந்த வாணலியைத் தினமும் எடுக்க மாட்டேன். மூடி போட்டு அலமாரியில் வைக்கலாமா?

#28 வெந்நீர்ப்பானை

மூடியை இறுக்கி வைக்காதீர்கள், உள்ளே ஈரம் வேர்க்கும். கழுவி, அடுப்பில் காய வைத்து, ஒரு துளி எண்ணெய் தடவித் துடைத்துவிட்டு, ஒரு காகிதத்தை மடித்து மூடிக்கும் சட்டிக்கும் நடுவில் செருகி வையுங்கள். எண்ணெயைத் தாராளமாகத் தடவி வைத்தால் எடுக்கும்போது பீக்கர் சொன்ன அந்தச் சிக்கு வாடைதான் வரும். வந்தால், சரி, சோப்பு போட்டுக் கொள்ளுங்கள்.